அச்சு பழசு, உள்ளே புதுசு: வாசகர் கேள்வி – பதில்

உற்பத்தி நின்றுபோன பழைய கைத்துப்பாக்கிகளைக் கம்பெனிகள் மறுபடி செய்து விற்பது பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை பேசின் பாலத்துக்கு வடக்கேயிருந்து வந்தவை. ஆகவே இந்தப் பக்கம் இம்முறை வடசென்னைக்கே.

*திருவொற்றியூர் வாசகர்: எங்கள் ஊரில் செய்த என்ஃபீல்டு புல்லட்டுக்கும் என்ஃபீல்டு ரிவால்வருக்கும் உறவு உண்டா? "துப்பாக்கிக் கம்பெனி வண்டி" என்று பேரப் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.*

பாதி சரி. ரிவால்வர் செய்தது இங்கிலாந்தின் என்ஃபீல்டு ஊரிலிருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலை. வண்டிக் கம்பெனி இருந்தது ரெடிட்ச் நகரில். அது அந்த ஆயுதத் தொழிற்சாலைக்கு நுண்பாகங்கள் செய்து கொடுத்து, அந்தத் தொடர்பில் 1890களில் பெயரை எடுத்துக்கொண்டது. "துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது" என்ற வாசகமும் பீரங்கிச் சின்னமும் அப்படி வந்தவை. பாகங்கள் விற்றவர்கள் பெயரையும் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவே.

என்ஃபீல்டு நம்பர் 2 ரிவால்வரே ஒரு சர்ச்சைக்குரிய நகல் என்பதை உங்கள் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வெப்லி கம்பெனி தன் .38 ரிவால்வரைப் பிரிட்டிஷ் அரசிடம் காட்டியது. அரசு அதை வாங்காமல், அதையொட்டிய வடிவத்தைத் தன் சொந்தத் தொழிற்சாலையிலேயே செய்து 1932-ல் படைக்கு ஏற்றது. வெப்லி வழக்குப் போட்டுத் தோற்றது. பிறகு கண்டுபிடிப்பாளர்களுக்கான விருது ஆணையம் 1,250 பவுண்டு கொடுக்க வைத்தது.

புல்லட் கதை இதற்கு நேர்மாறு. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் முறையாக ஒப்பந்தம் போட்டுக்கொண்டு உங்கள் ஊரில் தொடங்கியது. இங்கிலாந்தில் மூலக் கம்பெனி மூடிய பிறகும் இங்கே வண்டி வந்துகொண்டிருந்தது. மூலம் நின்றபின் நகல் ஓடும் இதே கதை துப்பாக்கியிலும் உண்டு; பெரம்பூர் வாசகருக்கான பதிலில் பாருங்கள்.

*ராயபுரம் வாசகர்: தாத்தாவின் லைசென்ஸில் .32 வெப்லி ரிவால்வர் ஒன்று இருந்தது. இப்போது புது வெப்லி இந்தியாவிலேயே வருகிறதாமே? புதியதன் பாகம் பழையதற்குப் பொருந்துமா? பழையதில் எந்த .32 தோட்டாவும் போடலாமா?*

முதலில் சட்டம். லைசென்ஸ்காரர் காலமாகிவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டு, வாரிசு லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சென்னை மாநகரில் உரிமம் தருபவர் காவல் ஆணையர். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. உரிமத்தின் காலம் 5 ஆண்டு. நீங்கள் "இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது இப்போது எங்கே என்பதை இன்றே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆமாம், உத்தரப் பிரதேசத்தின் ஹர்தோய் மாவட்டத்தில் சண்டீலாவில் .32 வெப்லி மார்க் 4 செய்யும் திட்டம் 2020-ல் அறிவிக்கப்பட்டது. அதற்கு வெகு முன்பே கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் அதே குடும்பத்து வடிவத்தில்தான் வந்துகொண்டிருந்தது. 2014-ல் பெண்களுக்கென்று விளம்பரப்படுத்திய 'நிர்பீக்'கும் அதன் எடை குறைத்த தங்கைதான். எல்லாமே நடுவில் மடிந்து திறக்கும் வகை. இடப்பக்கத் தாழ்ப்பாளை வலது கட்டைவிரலால் அழுத்தினால் குழல் கீழே சாயும், நடுவிலுள்ள நட்சத்திரத் தட்டு எழும்பி, சுட்ட தோட்டாக்களின் ஆறு கூடுகளையும் ஒன்றாகத் தள்ளும்.

பாகம் பொருந்துமா என்றால், தோற்றம் ஒன்றாக இருப்பதை நம்பி வாங்காதீர்கள். பழைய வெப்லியில் தாழ்ப்பாள், தோட்டா அறைகள் உள்ள உருளையைத் தள்ளும் விரல், பூட்டும் குமிழ் எல்லாம் அந்தந்தத் துப்பாக்கிக்கு அரம் போட்டுப் பொருத்தியவை. ஒரே தொழிற்சாலையில் ஒரே வருடம் வந்த இரண்டு துப்பாக்கிகளுக்கே சில பாகங்களை மாற்ற முடியாது. ஸ்பிரிங், கைப்பிடித் தகடு, ஆணி வரை முயலலாம். தாழ்ப்பாளும் உருளையும் உரிமம் பெற்ற ஆயுதக் கம்மியர் வேலை.

தோட்டாதான் உயிர் போகும் விஷயம். நம் நாட்டில் '.32' என்று கடையில் கேட்டால் இரண்டு சரக்கு உண்டு. ரிவால்வருக்கு .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், பிஸ்டலுக்கு 7.65 மில்லிமீட்டர் பிரவுனிங் என்றும் சொல்லப்படும் .32 ஏசிபி. கூட்டின் அடிவட்டம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். விளிம்பு மட்டும் முன்னதற்கு 9.5 மி.மீ., பின்னதற்கு 9.1 மி.மீ. அதனால் பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறையில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடும். பொருந்திவிட்டதே என்று சுடக் கூடாது. அமெரிக்கத் தர அளவின்படி ரிவால்வர் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு, பிஸ்டல் தோட்டாவுக்கு 20,500. மடிந்து திறக்கும் துப்பாக்கியில் அந்த மூன்றிலொரு பங்கு அதிகச் சுமை முழுவதும் மேல் தாழ்ப்பாளிலும் கீழ்க் கீலிலும் விழும். சில சுற்றுகளில் தாழ்ப்பாள் ஆடத் தொடங்கும்.

உரிமம் கைக்கு வந்தபின் பழையதைச் சோதிக்கும் வரிசை இது. குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பித் திறந்து, ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். மூடிவிட்டுக் குழலை ஒரு கையாலும் பிடியை ஒரு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். மேல் தாழ்ப்பாளில் அசைவு தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு குழலுக்கும் உருளைக்கும் இடைவெளி. டூவீலர் மெக்கானிக் பிளக் இடைவெளி பார்க்கும் அதே தகட்டளவியால் அளக்கலாம். 0.15 முதல் 0.25 மி.மீ. வரை நல்லது. 0.3-ஐத் தாண்டினால் பக்கவாட்டில் ஈயத்துகள் தெறிக்கும். கடைசியாகச் சுத்தியலை மெதுவாக இழுத்து, அது கடைசிச் சொடுக்குக்கு வருமுன் உருளை பூட்டிக்கொள்கிறதா என்று ஆறு அறைக்கும் தனித்தனியே பாருங்கள். ஒன்றில் மட்டும் தவறினாலும் தவறுதான்.

சுட்ட கூடுகளை வெளியேற்றும்போது குழல் வானம் பார்க்க, ஒரே வீச்சில் திறக்க வேண்டும். மெதுவாகத் திறந்தால் ஒரு கூட்டின் விளிம்பு நட்சத்திரத் தட்டுக்கு அடியில் நழுவிவிடும். அப்புறம் மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. இந்த வகையின் பிறவிக் குறை அது. புது வார்ப்பிலும் போகவில்லை.

*பெரம்பூர் வாசகர்: பிரவுனிங் ஹை-பவர் பிஸ்டலை மூன்று கம்பெனிகள் மறுபடி கொண்டுவந்திருப்பதாகப் படித்தேன். எது உண்மையான மறுபதிப்பு?*

பெயரை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஏமாந்துவிடுவோம். ஜான் பிரவுனிங் தொடங்கி, 1926-ல் அவர் இறந்தபின் பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனியில் டியூடோனே செவ் முடித்த பிஸ்டல் அது. 1935-ல் பெல்ஜியப் படை ஏற்றது. 13 தோட்டா கொள்ளும் இரட்டை வரிசை மேகசின் அன்று பெரிய புதுமை. 2017-ல் எஃப்.என். உற்பத்தியை நிறுத்தியது. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரி எஸ்.ஏ.-35 என்று ஒன்றை அறிவித்தது. துருக்கியின் கிர்சான், எம்.சி.பி.-35 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 2022 ஜனவரியில் எஃப்.என். கம்பெனியே 'ஹை பவர்' என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டது.

சொந்தக்காரனே செய்தது கடைசியாகச் சொன்னது. ஆனால் அதில்தான் பழையது மிகக் குறைவு. 17 தோட்டா, பிரித்தெடுக்கும் முறை புதிது, பழைய மேகசின் நுழையாது, பழைய உதிரிபாகம் சேராது. பெயரன் தாத்தாவின் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறான், சாயல் உண்டு, ரத்தம் வேறு. எஸ்.ஏ.-35-ல் பழைய மேகசின் போகும். சட்டகமும், சுடும்போது பின்னுக்கு வந்துபோகும் ஸ்லைடும் அடித்து உருவாக்கிய எஃகு. புது மேகசினில் 15. கிர்சான், பழைய ஹை-பவரின் மார்க் 3 வடிவத்தை ஒட்டியது.

ஸ்பிரிங்ஃபீல்டுக்காரர்கள் செய்த இரண்டு மாற்றங்களைப் பார்த்தாலே பழையதில் என்ன கோளாறு என்பது விளங்கும். ஒன்று, மேகசின் இல்லாவிட்டால் சுடாத தடை. பழையதில் டிரிக்கரோடு ஒரு சிறு குச்சி கோத்து, அது மேகசினின் முன்முகத்தை உரசியபடி நிற்கும். மேகசினைக் கழற்றினால் குச்சி பின்னே நகர்ந்து டிரிக்கரின் தொடர்பைத் துண்டிக்கும். பாதுகாப்புக்காக வைத்தது. ஆனால் ஒவ்வொரு முறை டிரிக்கரை இழுக்கும்போதும் அந்த உரசல் விரலில் தெரியும், பித்தானை அமுக்கினாலும் மேகசின் தானாக விழாது. எஸ்.ஏ.-35-ல் அந்தக் குச்சியே இல்லை. அதனால் பழைய ஹை-பவர் பழகியவர் இதைக் கையில் எடுத்தால் ஒன்றை மறக்கக் கூடாது: மேகசின் வெளியே இருக்கிறது என்பதால் அறை காலி என்றோ சுடாது என்றோ ஆகாது. இரண்டு, பின்னால் மடங்கும் சுத்தியல் பெருவிரல் மடிப்பைக் கடிக்கும் பழைய தொல்லை. சுத்தியல் வடிவத்தை மாற்றி அதைத் தீர்த்திருக்கிறார்கள்.

பழையதைப் படத்தில் பார்த்தே காலம் சொல்ல ஓர் அடையாளம்: கூட்டை இழுக்கும் கொக்கி ஸ்லைடின் வெளிப்பக்கம் நீளமாகத் தெரிந்தால் 1962-க்குப் பின் வந்தது. தெரியாவிட்டால் அதற்கு முந்தியது. ஆரம்பகாலத்துத் துப்பாக்கிகளில் தோட்டா ஏறும் சரிவு உருண்டை மூக்குத் தோட்டாவுக்கென்று வெட்டியது. தட்டை மூக்கோ குழி மூக்கோ போட்டால் முட்டிக்கொண்டு நிற்கும். பழுது என்று நினைத்து ஸ்பிரிங் மாற்றுவார்கள், பலன் இராது.

இந்த மூன்றையும் இங்கே நீங்கள் வாங்க முடியாது. 9 மி.மீ. இந்தியாவில் தடை செய்யப்பட்ட அளவு, தனியார் லைசென்ஸில் வராது. ஆனால் மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை ஹை-பவரின் கனடா வடிவத்தை ஒட்டிய 'பிஸ்டல் ஆட்டோ 9 மி.மீ. 1ஏ'யை நம் படைகளுக்குச் செய்தது. மறுபதிப்பு என்று யாரும் விளம்பரம் செய்யாத மறுபதிப்பு அது. ஒரு மார்க்கு யாருக்காவது கொடுக்க வேண்டுமென்றால் நான் இஷாப்பூருக்குத்தான் கொடுப்பேன்.

*மின்ட் பகுதி வாசகர்: "எம்டன் கப்பல்காரன் விட்டுப்போன லூகர்" என்று ஒருவர் பழைய பிஸ்டல் ஒன்றைக் காட்டி விலை பேசுகிறார். நம்பலாமா?*

எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு கடலிலிருந்து சுமார் 130 குண்டுகளை வீசியது. துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனித் தொட்டிகள் எரிந்தன. அதன் பிறகு போய்விட்டது. சென்னையில் ஒருவரும் கரையிறங்கவில்லை. இறங்காத ஆள் எதை விட்டுப்போவான்?

அன்றைய ஜெர்மன் கடற்படையின் லூகர் 1904-ல் ஏற்ற தனி மாதிரி. 15 சென்டிமீட்டர் குழல், பின்குறி 100, 200 மீட்டர் என்று இரண்டு நிலை. உங்களிடம் காட்டியதில் குழல் ஒரு சாண் பாதிகூட வராத குட்டையாக இருந்தால் கதை அங்கேயே முடிந்தது.

பெரும்பாலும் அது ஸ்பெயினில் அலங்காரத்துக்கென்று செய்யப்படும் துத்தநாகக் கலவை வார்ப்பாக இருக்கும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தைக் குழலில் வையுங்கள். துத்தநாகத்தில் ஒட்டாது. உள்ளேயுள்ள ஆணி, ஸ்பிரிங்கில் ஒட்டும், அதைக் கண்டு மயங்க வேண்டாம். வார்ப்புக் கோடு டிரிக்கர் வளையத்தின் உட்புறம் தெரியும். அசல் லூகரில் சின்னச் சின்னப் பாகத்திலும் வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள் பொறித்திருக்கும். பொம்மையில் ஒரே இடத்தில்தான் எண், அதுவும் வார்ப்போடு வந்த மழுங்கல் எண்.

காந்தம் ஒட்டி, எண்களும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது லைசென்ஸில்லாத அசல் ஆயுதம். வாங்குவதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். கையில் எடுக்காமல், காலி செய்ய முயலாமல், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

லூகருக்கு ஏன் ஊருக்கு ஊர் மறுபதிப்பு வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். முழங்கை போல மேலே மடங்கும் அதன் இயக்கம்தான் காரணம். அந்தப் பாகங்களைக் கட்டி எஃகிலிருந்து குடைந்து, ஒன்றோடொன்று கையால் பொருத்த வேண்டும். தோட்டாவின் வேகம் சற்றுக் குறைந்தாலும் முழங்கை பாதியில் நின்றுவிடும். மவுசர் கம்பெனி 1970 வாக்கில் சுவிஸ் எந்திரங்களை வாங்கி மறுபடி செய்து பார்த்தது. அமெரிக்காவில் துருப்பிடிக்காத எஃகிலும் ஒன்று வந்தது. இரண்டும் நிலைக்கவில்லை. ஹை-பவரையோ அமெரிக்கக் கோல்ட் கம்பெனியின் 1911 பிஸ்டலையோ கணினி எந்திரத்தில் போட்டு ஆயிரக்கணக்கில் வெட்டலாம். லூகரை வெட்டினால் நஷ்டம்.

*வியாசர்பாடி வாசகர்: வாஞ்சிநாதன் பற்றிக் குறும்படம் எடுக்கிறோம். கையில் எந்தத் துப்பாக்கி கொடுப்பது? 3டி பிரின்டரில் செய்யலாமா?*

ரிவால்வர் கொடுத்துவிடாதீர்கள். நாடக மேடைகளில் அதுதான் நடக்கிறது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் பயன்பட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் தானியங்கிப் பிஸ்டல். ஆகவே லூகரும் கூடாது, கோல்ட் 1911-ம் கூடாது, ஹை-பவர் வந்ததோ 24 ஆண்டு கழித்து. அந்தக் காலத்தில் பரவலாக விற்ற எஃப்.என். 1900 மாதிரியைப் பாருங்கள். குழலுக்கு மேலே ஸ்பிரிங் கூடு தனியே நிற்பதால் முன்பக்கம் இரண்டு குழாய் அடுக்கியது போலத் தெரியும். குழல் 102 மி.மீ., எடை 625 கிராம், மேகசினில் 7 தோட்டா. வெளியே சுத்தியல் தெரியாது.

படப்பிடிப்புக்கான பொம்மைத் துப்பாக்கி முழுத் திடமாக இருக்கட்டும். குழல்வாயில் 10 மி.மீ. ஆழத்துக்கு மேல் துளை வேண்டாம், உள்ளே எந்த இயக்கமும் வேண்டாம். 2016 ஆயுத விதிகள் நகல் துப்பாக்கியையும் வெற்றுத்தோட்டா வெடிக்கும் துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. வெடிச்சத்தமும் புகையும் எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக் இழையில் அச்சிட்டால் 60 டிகிரிக்குப் பக்கத்தில் இளகும். மே மாத மதியம் பூட்டிய வேனுக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பும்போது குழல் வளைந்திருக்கும். பி.இ.டி.ஜி. இழை தேவலை. இன்னும் நல்லது, அச்சிட்டதை மூலமாக வைத்து சிலிகான் அச்செடுத்து பாலியூரித்தேன் ரெசின் ஊற்றுவது. பெரும்பாலான ரெசின் ஒன்றுக்கு ஒன்று கலப்பது. டப்பாவில் எடையா கொள்ளளவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். காற்றிலுள்ள ஈரம் பட்டால் ரெசின் நுரைத்து உள்ளே குமிழி விடும். மழைக்காலத்தில் ஊற்றாதீர்கள், திறந்த டப்பாவை உடனே மூடுங்கள், அச்சை வெயிலில் உலர்த்தி எடுங்கள். பிடிக்குள் இரும்புத் துண்டு வைத்து மொத்தம் 600 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். எடை இல்லாவிட்டால் நடிகரின் மணிக்கட்டு காட்டிக்கொடுத்துவிடும். மங்கல் கறுப்புப் பெயின்ட் காய்ந்ததும் பென்சில் கரித்தூளைத் துணியால் தேய்த்தால் எஃகுச் சாயல் வரும்.

தெருவில் எடுப்பதானால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி, ரயில் நிலையத்துக்கு ரயில்வே அனுமதி. காட்சி முடிந்த நொடி பொருள் பெட்டிக்குள் போக வேண்டும். விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது.

*எண்ணூர் வாசகர்: பழைய வால்தர் பிஸ்டல் உருவத்தில் கார்பன் டை ஆக்சைடு குப்பியில் ஓடும் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல் வைத்திருக்கிறேன். காலையில் நன்றாகச் சுடுகிறது. மதியம் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். கடைக்காரர் வால்வு போச்சு என்கிறார்.*

வால்வு போகவில்லை, வெயில் வந்திருக்கிறது. 12 கிராம் குப்பிக்குள் இருப்பது திரவமும் அதன் மேல் வாயுவும். 20 டிகிரியில் உள்ளே சுமார் 57 பார் அழுத்தம். 30 டிகிரியில் சுமார் 72. 31 டிகிரியைத் தாண்டினால் திரவம் என்ற நிலையே இல்லை. அதன் பிறகு அழுத்தம் இன்னும் வேகமாக ஏறி 40 டிகிரியில் 90, 100 பார்கூட ஆகும். உங்கள் பிஸ்டலின் சுத்தியலும் ஸ்பிரிங்கும் ஐரோப்பாக் குளிருக்குக் கணக்கிட்டவை. அந்த அழுத்தத்துக்கு எதிராக வால்வைத் தட்டித் திறக்க சுத்தியலுக்குப் பலம் போதாது. 'டிக்' என்று மோதி நிற்கும். வால்வு பூட்டிக்கொள்வது என்று இதற்குப் பெயர்.

நிழலில் மின்விசிறிக்கு அடியில் அரை மணி வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். சுட்டால் வால்வு நலம். குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரம் கோத்து உள்ளே துரு. பைக் பெட்டியிலும் வெயில்பட்ட கார் டேஷ்போர்டிலும் குப்பியை வைக்கவே கூடாது.

மறுபக்கமும் உண்டு. அடுத்தடுத்து வேகமாகச் சுட்டால் வாயு விரிந்து குப்பி குளிர்ந்துவிடும், அழுத்தம் இறங்கும், குறி கீழே விழும். ஒவ்வொரு சுடலுக்கும் 5 முதல் 10 நொடி இடைவெளி விடுங்கள். ஸ்லைடு பின்னுக்கு வந்துபோகும் வகையில் ஒரு குப்பிக்கு 50, 60 சுடல்தான். ஸ்லைடை ஆட்டவே பாதி வாயு போய்விடுகிறது.

குப்பி மாற்றும் முறை: புதுக் குப்பியின் கழுத்தில் ஏர் கன்னுக்குரிய எண்ணெய் ஒரே ஒரு சொட்டு. உள்ளே வைத்துத் திருகாணியைத் தயங்காமல் ஒரே மூச்சில் திருகுங்கள். மெதுவாகத் திருகினால் பாதி துளைத்த நிலையில் 'உஸ்' என்று வாயு வீணாகும். சத்தம் நின்றதும் கால் சுற்று, அதோடு போதும். பலம் காட்டினால் வாஷர் நசுங்கிவிடும். எடுக்கும்போது குண்டு இல்லாமல் பாதுகாப்பான பக்கம் சுட்டு வாயுவை முழுக்கத் தீர்த்துவிட்டு, மெதுவாகத் தளர்த்துங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், உறைபனி சுடும். குப்பியை இரவு முழுக்க உள்ளே விட்டுவைப்பதும் வாஷரைக் கெடுக்கும்.

கசிவு நிஜமாகவே இருந்தால் வாஷரை மாற்றலாம். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு பாரிமுனைப் பக்கம் ஹைட்ராலிக் சீல் விற்கும் கடைக்குப் போங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு அதற்குள் ஊறி, அழுத்தம் திடீரென்று இறங்கும்போது கொப்புளம் கிளம்பும். அதே அளவில் பாலியூரித்தேன், கடினம் 90 என்று கேளுங்கள்.

எஃகு ரவையானால் கண்ணாடி கட்டாயம். சுவரில் பட்டுத் தெறித்துத் திரும்பும். ஈயப் பெல்லட்டானால் சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சட்டப்படி 4.5 மி.மீ.க்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ளதற்கு லைசென்ஸ் வேண்டாம். உங்களுடையது 0.33 கிராம் ரவையை நொடிக்கு 120 மீட்டரில் விட்டால் 2.4 ஜூல்தான் வருகிறது. லைசென்ஸ் வேண்டாம் என்பதால் தெருவில் நீட்டலாம் என்று ஆகாது. பத்தடி தள்ளி நிற்கும் காவலருக்கு அதில் ஜூல் கணக்கு தெரியாது.

*காசிமேடு வாசகர்: லைசென்ஸ் ரிவால்வர் கறுப்பு நிறம். மாதத்துக்கு ஒருமுறை தேங்காய் எண்ணெய் போட்டும் துரு விடவில்லை.*

தேங்காய் எண்ணெய்தான் முதல் எதிரி. குளிர்ந்த இரவில் உறையும், நாள்பட்டால் பிசினாகும், உள் ஸ்பிரிங்கைக் கட்டிப்போடும். தையல் மெஷின் எண்ணெய் அதைவிட எவ்வளவோ மேல். கறுப்பு நிறம் பெயின்ட் அல்ல, எஃகின் மேற்பரப்பையே வேதி முறையில் மாற்றியது. எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர, உப்புக் காற்றைத் தானாகத் தடுக்காது. உங்கள் பகுதியில் மாதம் ஒருமுறை போதாது, வாரம் ஒருமுறை.

காலி என்று உறுதி செய்துகொண்டு, வியர்வைக் கைரேகை போக உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். வேறொரு துணியில் இரண்டு, மூன்று சொட்டு விட்டு வெளிப்புறம் முழுக்கத் தடவி, ஈரம் தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழிந்தால் தூசு சேரும், உருளை அறையில் தங்கினால் தோட்டாவின் அடிமருந்துக்குள் இறங்கி அதைக் கெடுக்கும். ஏற்கெனவே பிடித்த துருவுக்கு நான்கு பூஜ்யம் எண்ணுள்ள மிக மெல்லிய எஃகுப் பஞ்சை எண்ணெயில் நனைத்து லேசாக. உப்புக் காகிதம் தொட்டால் கறுப்பும் போகும், முத்திரையும் போகும். முத்திரை மழுங்கினால் லைசென்ஸ் சோதனையில் பதில் சொல்வது நீங்கள்தான்.

தோல் உறையில் போட்டுப் பெட்டியில் வைக்காதீர்கள். தோல் ஈரம் குடிக்கும், பதனிட்ட அமிலமும் அதில் இருக்கும். இறுக மூடும் டப்பாவில் 50 கிராம் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மறுபடி போடலாம். சமையல் வாணலி வேண்டாம், தனியாக ஒன்று.

*பழைய வண்ணாரப்பேட்டை வாசகர்: கோல்ட் பைத்தான் ரிவால்வரில் புதியது பழையதைவிட மட்டம் என்கிறார்களே?*

பளபளப்பில் மட்டம், பாடுபடுவதில் மேல். பழையது 1955 முதல் சுமார் ஐம்பது ஆண்டு வந்தது. கையால் மெருகேற்றிய நீல நிறமே அதன் பெருமை. ஆனால் அதன் இயக்கத்தில் டிரிக்கரை முழுக்க இழுத்த நிலையிலும் தள்ளுவிரல் உருளையை முட்டிக்கொண்டே நிற்கும். குண்டு போகும் கணத்தில் உருளை அசையாமல் இருக்கும் என்பது லாபம். அந்தத் தள்ளுவிரலின் முனை தேய்ந்துகொண்டே போவது நஷ்டம். தேய்ந்ததும் உருளை பூட்டுமுன்பே சுத்தியல் விழத் தொடங்கும். அதைச் சரிசெய்யத் தெரிந்த கைகள் குறைந்துவிட்டன.

2020 ஜனவரியில் வந்த புதியதில் 14 பாகங்கள் குறைவு. எஃகும் துருப்பிடிக்காத வகை. பின்குறிக்கு அடியில் உள்ள மேல்பட்டையை 30 சதவீதம் தடிமனாக்கியிருக்கிறார்கள். பழைய பாகம் சேராது. அலமாரிக்குப் பழையது, வேலைக்குப் புதியது.

*ஓட்டேரி வாசகர்: அமெரிக்காவிலுள்ள தம்பி இத்தாலியில் செய்த கௌபாய் ரிவால்வர் வாங்கினான். சுத்தியல் விழுகிறது, தோட்டா வெடிக்கவில்லையாம். பழுதா?*

அவரிடம் உருளைக்கு நடுவே போகும் அச்சாணியைப் பார்க்கச் சொல்லுங்கள். 1959-ல் தொடங்கிய உபெர்ட்டி கம்பெனி செய்யும் 1873 கோல்ட் நகல்களில் பலவற்றின் அச்சாணியில் இரண்டு வெட்டு இருக்கும். கடைசி வெட்டுவரை உள்ளே தள்ளினால் அச்சாணியின் பின்முனை வெளியே நீட்டி சுத்தியலைத் தடுக்கும். இறக்குமதிக்காக வைத்த பூட்டு அது. முதலில் உருளையைக் காலி செய்துகொண்டு, பக்கத் திருகையோ பித்தானையோ அழுத்தி அச்சாணியை ஒரு வெட்டு வெளியே இழுத்தால் சரியாகிவிடும். மூலக் கோல்ட்டில் இந்த இரண்டாம் வெட்டு கிடையாது. புத்தகம் பார்த்துப் பழகியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

அந்த வகையில் ஆறு அறை இருந்தாலும் ஐந்துதான் போட வேண்டும். ஒன்று போட்டு, ஒன்று விட்டு, நான்கு போட்டு, சுத்தியலை முழுக்க இழுத்து மெதுவாக இறக்கினால் காலி அறையின் மேல் வந்து நிற்கும். பாதியில் நிறுத்தி இறக்கினால் உருளையைச் சுற்றி ஒரு கோடு கீறும். தம்பியின் துப்பாக்கியில் அந்தக் கோடு இப்போதே விழுந்திருக்கும்.

*கொடுங்கையூர் வாசகர்: புதிதாகச் செய்தது என்றால் பாதுகாப்பு அதிகம்தானே?*

அப்படிச் சொல்ல முடியாது. வால்தர் பி.பி.கே. 1931-ல் வந்தது. அதை அமெரிக்காவில் உரிமத்தோடு செய்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், சுத்தியலை இறக்கும்போது குண்டு வெடிக்கக்கூடும் என்று 2002 முதல் 2009 வரை செய்தவற்றை 2009-ல் திரும்ப அழைத்தது. எதை வாங்கினாலும் வரிசை எண்ணைக் கம்பெனியிடம் கொடுத்து, திரும்ப அழைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் முதல் தோட்டா.